கோடையில் கவாத்து: வெட்டிய ரோஜா நுனி கருகிக்கொண்டே போகிறது

#1 · மாடிவெயில் · ஞாயிறு, மாலை 6:12

வணக்கம். மொட்டை மாடியில் 14 ரோஜாத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாகப் பூ சிறுத்துக்கொண்டே வந்தது. கோலிக்குண்டு அளவுக்கு மொட்டு வரும், காலையில் விரியும், மாலைக்குள் இதழ் ஓரம் காய்ந்துவிடும். ஒரு காணொளியில் கோடைக் கவாத்து செய்தால் செடி புதுசாகிவிடும், பூ குலுங்கும் என்று சொன்னார்கள். புதுக் கத்தரி வாங்கின வேகம் வேறு. முந்தாநாள் வெள்ளி இல்லை, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இடுப்பளவு நின்ற செடிகள் இப்போது ஒரு சாண்.

ஒன்பது நாள் ஆகிறது. வெட்டிய இடம் முதலில் பழுப்பானது, அப்புறம் கறுத்தது, இப்போது அந்தக் கறுப்பு தண்டில் இறங்கிக்கொண்டே வருகிறது. சிலவற்றில் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. துளிர் ஒன்றுகூட இல்லை. தண்ணீரில் குறை வைக்கவில்லை, காலை மாலை இரண்டு வேளையும் ஊற்றுகிறேன்.

செம்பருத்தி 2, காகிதப்பூ 1, குண்டுமல்லி 3 இன்னும் வெட்டாமல் இருக்கின்றன. அவற்றை வெட்டலாமா, இல்லை கத்தரியை எங்காவது ஒளித்து வைத்துவிடவா?

#2 · கத்தரிக்கோல் · ஞாயிறு, மாலை 6:40

ஒளித்து வையுங்கள். அப்புறம் பேசலாம்.

மூன்று கேள்வி. வெட்டும்போது செடியில் இலை எதையாவது விட்டீர்களா? மதிய வெயில் நேராகப் படுகிறதா? தொட்டி மண்ணில் ஆள்காட்டி விரலை முழுசாக விட்டுப் பார்த்தீர்களா?

#3 · மாடிவெயில் · ஞாயிறு, இரவு 7:05

இலை ஒன்றும் இல்லை அண்ணா. மிச்சமிருந்ததையும் உருவிவிடச் சொன்னார்கள், உருவிவிட்டேன். வெயில் காலை எட்டு மணியிலிருந்து சாயும்வரை அடிக்கும். மாடியில் வேறு நிழலே கிடையாது.

இப்போதுதான் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கிறது. உள்ளே போனால் சேறு. புளித்த மாதிரி ஒரு வாடையும் வருகிறது.

#4 · வேர்முடிச்சு · ஞாயிறு, இரவு 9:30

அம்மா, பதினான்கும் போய்விடாது. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் மிச்சச் செடிகள் தப்பிக்கும்.

இத்தனை நாள் இலை நிழலில் மறைந்து நின்ற தண்டு அது. பட்டை மெல்லிசு. அதைத் திடீரென்று உச்சி வெயிலில் அம்மணமாக நிறுத்திவிட்டீர்கள். தண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மாலை வெயில் படும் மேற்குப் பக்கம் மட்டும் வெளிறிச் சுருங்கியிருந்தால் அது வெயில் சுட்டது. வெட்டிய நுனியில் தொடங்கிச் சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்து இறங்கினால் அது நுனிக்கருகல், பூசண வேலை. உங்கள் செடிகளில் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிய விஷயம் தண்ணீர். மண்ணிலிருந்து தண்ணீரை இழுத்து மேலே விடுவது இலைதான். இலை முழுக்கப் போன செடிக்கு முன்பு குடித்ததில் கால்வாசிகூட வேண்டாம். நீங்களோ பழைய கணக்கிலேயே இரண்டு வேளை ஊற்றுகிறீர்கள். கோடையில் கவாத்து செய்து செத்த தொட்டிச் செடிகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் வெயிலில் சாகவில்லை, பரிவில்தான் செத்தன. பார்த்துப் பார்த்து ஊற்றியே கொன்றிருப்பார்கள். அந்தப் புளித்த வாடை வேர் மூச்சுத் திணறுவதன் அடையாளம்.

இப்போது செய்ய வேண்டியது: தண்ணீரை நிறுத்துங்கள். விரலின் இரண்டாம் கணுவரை காய்ந்த பிறகு ஒரு முறை, தொட்டியடியில் வழியும் அளவுக்கு. அதன்பின் மறுபடி காயும்வரை தொடாதீர்கள். பதினொன்றிலிருந்து நான்குவரை ஒரு நிழல்வலையோ பழைய பருத்திப் புடவையோ கட்டுங்கள். தொட்டியின் பக்கச் சுவரும் சுடும், அதையும் மறையுங்கள். கறுத்த தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போங்கள். நடுவில் இருக்கும் நெட்டி பழுப்பாகத் தெரியும்வரை நோய் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். இது பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காகச் செய்யும் சடங்கு வேலை கிடையாது, நோயுள்ள தண்டை வெட்டின அதே கத்திதான் அடுத்த தண்டுக்கும் போகிறது.

உரம் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

#5 · பழையதோட்டம் · திங்கள், காலை 7:15

இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை. நான் இருபது வருடமாகக் கோடையில்தான் வெட்டுகிறேன். ரோஜா, செம்பருத்தி, அரளி எதையும் விடுவதில்லை. ஒரு செடிகூடப் போனதில்லை. வெட்டினால்தான் பூக்கும். வெட்டாத செடி சோம்பேறிச் செடி.

#6 · கத்தரிக்கோல் · திங்கள், காலை 8:02

ஐயா, உங்கள் ரோஜா தொட்டியிலா, தரையிலா? மேலே மரம் ஏதாவது இருக்கிறதா?

#7 · பழையதோட்டம் · திங்கள், காலை 8:20

தரையில். மேற்கே ஒரு பெரிய வேப்பமரம். ஏன்?

#8 · கத்தரிக்கோல் · திங்கள், காலை 8:24

அதுதான் ஏன்.

#9 · தாவரவியல்டீச்சர் · திங்கள், மதியம் 1:10

ஐயா சொல்வதில் பாதி சரி. ஏன் பாதி என்று சொல்கிறேன், வகுப்பு எடுப்பது மாதிரி இருந்தால் மன்னிக்கவும், தொழில் அப்படி.

கிளையின் நுனி மொட்டு கீழே இருக்கும் பக்க மொட்டுகளை எழும்ப விடாது. பாடப் புத்தகத்தில் நுனி ஆதிக்கம் என்று படித்திருப்பீர்கள். 1933-இல் திமன், ஸ்கூக் என்ற இருவர் மொச்சை வகைச் செடி ஒன்றில் நுனியைக் கிள்ளினார்கள். பக்க மொட்டுகள் கிளம்பின. கிள்ளிய இடத்தில் ஆக்சின் ஹார்மோனை வைத்தார்கள், பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன. நுனியில் சுரக்கும் ஆக்சின்தான் தடுக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். ஐயாவின் "வெட்டினால்தான் பூக்கும்" இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2014-இல் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வு ஒன்றில், நுனியை வெட்டிய உடனே பக்க மொட்டை முதலில் எழுப்புவது சர்க்கரை என்று தெரிந்தது. நுனி தன் வளர்ச்சிக்கு இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் பக்க மொட்டுக்குப் போகிறது. ஆக்சினின் அளவு குறைவது அதற்குப் பிறகுதான் அந்த மொட்டை எட்டுகிறது.

சர்க்கரை எங்கிருந்து வரும்? இலையிலிருந்து. நுனியை வெட்டி இலையை விட்டால் மொட்டு எழும். நுனியையும் வெட்டி இலையையும் உருவினால், தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததை எடுத்துத்தான் செடி துளிர்க்க வேண்டும். குளிர் காலத்தில் இலையுதிர்ந்து உறங்கும் செடிக்கு அந்தச் சேமிப்பு நிறைய இருக்கும். இரண்டு மாதம் வெயிலில் பூத்துக் களைத்த தொட்டி ரோஜாவிடம் என்ன இருக்கும்?

#10 · வேர்முடிச்சு · திங்கள், மதியம் 2:45

டீச்சர், அருமை. நான் இருபது வரியில் சுற்றி வளைத்ததை நான்கு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கோடைக் கவாத்து என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடமாடுகின்றன. பனி கொட்டும் இடங்களில் பெரிய வெட்டு குளிர் முடிவில் நடக்கும். அங்கே கோடை என்பது 22, 25 டிகிரி, செடி உற்சாகமாக வளரும் காலம். அப்போது செய்வது மேலோட்டமான ஒழுங்குபடுத்தல், வாடின பூவை எடுப்பது, கொடியின் நீண்ட நுனியைக் குறைப்பது. வெயில் 38, 40 என்று போகும் இடங்களில் கோடை செடிக்குத் தாக்குப்பிடிக்கும் காலம், கிட்டத்தட்ட இன்னொரு உறக்கம். வார்த்தை ஒன்று, பருவம் வேறு. காணொளி எடுத்தவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், அவருடைய கோடை வேறு.

என் வழக்கம் இதுதான்: கடும் வெயிலில் பூவை எடுப்பேன், இலையை எடுக்கமாட்டேன். காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, இவை மூன்றுக்கும் காலம் பார்ப்பதில்லை. மற்ற எல்லாம் முதல் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு.

#11 · அரும்பு · திங்கள், இரவு 8:15

அண்ணா, பூவை எடுப்பது என்றால் எங்கே வெட்டுவது? ஐந்து இலை உள்ள இடம் வரைக்கும் இறங்கி வெட்ட வேண்டும் என்கிறார்களே.

#12 · வேர்முடிச்சு · திங்கள், இரவு 9:00

தம்பி, ரோஜாப் பூவுக்குக் கீழே முதலில் மூன்று சிற்றிலை உள்ள இலை வரும், கொஞ்சம் தள்ளி ஐந்து சிற்றிலை உள்ளது வரும். அந்த ஐந்துக்கு மேலே வெட்டு என்பது பழைய விதி. அங்கே தண்டு தடிமனாக இருக்கும், வரும் கிளையும் பலமாக வரும், அதனால் சொன்னார்கள். திடமான செடியில், மிதமான வெயிலில், தாராளமாகச் செய்யலாம்.

வெயில் கொளுத்தும்போது நான் அவ்வளவு இறங்குவதில்லை. பூக்காம்பைப் பிடித்தால், பூவுக்குக் கொஞ்சம் கீழே லேசாகத் தடித்த ஒரு இடம் கைக்குத் தட்டுப்படும். கட்டைவிரலால் பக்கவாட்டில் ஒரு அழுத்து. டிக்கென்று ஒடிந்து வந்துவிடும், கத்தரியே வேண்டாம். ஓர் இலைகூடப் போகாது. விதைக்காய் பிடிப்பதும் நிற்கும். செடி விதைக்குச் செலவழிக்க வேண்டியதை மிச்சம் பிடிக்கும்.

கத்தரி போட்டால்: வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியும் மாதிரி. ரொம்ப மேலே வெட்டினால் மீந்த குச்சி காய்ந்து, அதன் வழியாகத்தான் நுனிக்கருகல் இறங்கும். ரொம்ப ஒட்டி வெட்டினால் மொட்டே காய்ந்துவிடும். வெட்டும் நேரம் மாலை. இரவு முழுக்கக் காயம் ஆற அவகாசம் கிடைக்கும்.

#13 · பனிமூட்டம் · செவ்வாய், காலை 6:50

நான் குளிர்ப் பகுதியில் இருக்கிறேன், எங்கள் பக்கச் சங்கடம் வேறு. எந்தக் கிளையில் பூ வரும் என்று தெரியாமல் வெட்டி ஒரு வருடப் பூவை இழந்தவள் நான்.

ஹைட்ரேஞ்சியா, அந்த நீலப் பந்துப் பூ வகை. கோடை முடியும் நேரத்தில் பார்த்தேன், பூ எல்லாம் வாடிப் பழுப்பாகி நின்றது. அசிங்கமாக இருக்கிறதே என்று பாதிக்கு வெட்டிவிட்டேன். மறு வருடம் இலை கொழுகொழு என்று வந்தது, ஒரு பூ இல்லை. உரம் போதவில்லை, மண் சரியில்லை என்றெல்லாம் நினைத்துத் திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அடுத்த வருடப் பூவுக்கான மொட்டை அது கோடைக் கடைசியிலேயே கிளை நுனியில் கட்டி வைத்துவிடும். நான் வெட்டிப் போட்டது வாடிய பூவை மட்டுமில்லை. அதே குடும்பத்தில் கூம்பு மாதிரிப் பூக்கும் பானிகுலாட்டா வகை மட்டும் அந்த வருடப் புதுக்கிளையில் பூக்கும், அதைக் குளிர் முடிவில் எவ்வளவு வெட்டினாலும் கோபிக்காது.

லைலாக், அசேலியா இரண்டும் முதல் வகை மாதிரிதான். பூ உதிர்ந்த உடனே வெட்டிவிட வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் அடுத்த வருட மொட்டைத்தான் வெட்டுகிறோம்.

#14 · கத்தரிக்கோல் · செவ்வாய், காலை 9:20

பனிமூட்டம் அக்கா சொன்னது தங்கம். வெப்பப் பகுதிச் செடிகளில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம், பெரும்பாலானவை புதுக்கிளையில்தான் பூக்கும். மாடிவெயில் கேட்டதற்கே வருகிறேன்.

செம்பருத்தி புதுக்கிளையின் இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கில், பூக்கும். அதனால் வெட்டினால் பூ கூடும், உண்மை. ஆனால் வெட்டியதற்கும் பூப்பதற்கும் நடுவில் இரண்டு மூன்று மாதம் போகும். இப்போது மொட்டு இருந்தால் தொடாதீர்கள். மொட்டு விரியாமலே உதிர்கிறது என்றால் அதற்கு மருந்து கத்தரி கிடையாது. ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் மாறிமாறிப் போனால் கொட்டும். மாவுப்பூச்சி அப்பிய நுனி இருந்தால் அதை மட்டும் ஒடித்து மூட்டைகட்டி வெளியே போடுங்கள்.

குண்டுமல்லி புதுக்கிளை நுனியில் அரும்பு கட்டும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் அந்தக் கிளை நுனியில் இரண்டு கணு மட்டும் கிள்ளுங்கள். பக்கத்தில் இரண்டு கிளை வரும், அடுத்த சுற்றுக்கு அரும்பு இரட்டிப்பாகும். கோடையே அதன் பூக்காலம் என்பதால் ஆழமான வெட்டு இப்போது கூடாது. இட்லிப்பூவும் இதே கதைதான், பூங்கொத்து காய்ந்ததும் அதற்குக் கீழே முதல் இலைச் சோடிக்கு மேலே. வேலி வெட்டும் பெரிய கத்தரியால் மேலாகச் சீவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். மொட்டு எல்லாம் நுனியில், வெட்டும் நுனியில். வருடம் முழுக்கப் பச்சைச் சுவர்தான் மிஞ்சும்.

காகிதப்பூவுக்குத் தனிப் பதிவே போடலாம். நாம் பூ என்று சொல்கிற அந்த வண்ணக் காகிதம் பூவே இல்லை, பூவடிச் செதில். மூன்று செதிலுக்கு நடுவே சின்னதாக வெள்ளைக் குழல் மாதிரி நிற்கிறதே, அதுதான் பூ. முள்ளும் பூங்கொத்தும் ஒரே இடத்தில், இலைக்கக்கத்தில்தான் வரும். செழிப்பாகத் தண்ணீரும் உரமும் கொடுத்தால் செடி முள்ளாகவும் நீளக்கிளையாகவும் போகும். கொஞ்சம் காயவிட்டால் பூக்கும். அதனால் இப்போது வெட்டாதீர்கள், காயவிடுங்கள். ஒரு சுற்று நிறம் கொட்டி முடிந்தபின் நீளக்கிளைகளை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

#15 · முள்கையுறை · செவ்வாய், மாலை 5:30

பழையதோட்டம் ஐயா அரளி என்றதும் சொல்லத் தோன்றியது. அரளியை வெட்டுகிறவர்கள் கையுறை போடுங்கள், பால் கண்ணில் படக்கூடாது. வெட்டிய குச்சிகளைத் தயவுசெய்து கொளுத்தாதீர்கள். இலை, தண்டு, வேர், பூ எல்லாமே விஷம், ஓலியாண்ட்ரின் என்ற பொருள் இதயத்துடிப்பைக் குழப்பும். புகையிலும் ஆபத்து உண்டு. ஆடு மாடு எட்டும் இடத்தில் வெட்டிப் போடவும் கூடாது, காய்ந்த இலையிலும் விஷம் போகாது.

#16 · பழையதோட்டம் · செவ்வாய், மாலை 6:45

கொளுத்தக்கூடாது என்பது எனக்கு இன்றுதான் தெரியும். இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். நன்றி.

நிழல் விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன், வேப்பமரத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள் எல்லோரும். வெட்டின இடத்தில் சாணமோ, மஞ்சளோ, பெயின்டோ பூசினால் நுனி கருகாது. மாடிவெயில் அதைச் செய்யவில்லை, அதனால்தான் இத்தனையும்.

#17 · தாவரவியல்டீச்சர் · செவ்வாய், இரவு 8:05

ஐயா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷிகோ என்று ஒரு மர நோய் ஆய்வாளர் இருந்தார். மின்ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆயின என்று பார்த்தார். அவர் கண்டது, மரத்தில் காயம் நம் தோலில் ஆறுவதுபோல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது, பழைய காயம் அப்படியே உள்ளே இருக்கும். பெயின்ட் பூசினால் அந்தச் சுவர் வேகமாக எழும்பவில்லை, அழுகல் நிற்கவும் இல்லை. மேலே மூடி வைத்தால் ஈரம் தங்கும், அதுவே பூசணத்துக்கு வசதி.

அவர் இன்னொன்றும் சொன்னார். கிளை தாய்த்தண்டோடு சேரும் இடத்தில் லேசாக உப்பிய வளையம் இருக்கும். அந்த வளையத்தை வெட்டாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும், சுவர் எழுப்பும் வேலை அங்கேதான் நடக்கிறது. செம்பருத்தி, அரளி மாதிரி கட்டை வைத்த செடிகளில் பெரிய கிளையை எடுக்கும்போது இதைப் பாருங்கள்.

#18 · பழையதோட்டம் · செவ்வாய், இரவு 8:30

நான் ரோஜாவுக்குப் பூசுகிறேன், கருகவில்லை. மரத்தைப் பிளந்து பார்த்தவர் ரோஜாவைப் பிளந்தாரா?

#19 · வேர்முடிச்சு · செவ்வாய், இரவு 9:10

ஐயா, நியாயமான கேள்வி. ரோஜாத் தண்டில் துளைபோடும் பூச்சி வெட்டுவாய் வழியே இறங்கும் தோட்டங்களில் பசை வைத்து அடைக்கிறவர்கள் உண்டு, அது பூச்சிக்காக. கருகலுக்குப் பசையைவிடக் கூர்மையான கத்தியும் சரியான இடமும்தான் முக்கியம் என்பது என் அனுபவம். கத்தரியிலும் பாருங்கள், ஒரு அலகு இன்னொன்றைத் தாண்டி வெட்டும் வகை பச்சைத் தண்டுக்கு நல்லது. ஒரு அலகு தட்டையான பலகை மேல் வந்து நசுக்கும் வகை காய்ந்த குச்சிக்குத்தான். பச்சையை அதில் வெட்டினால் தண்டு நசுங்கும், நசுங்கின இடம் கருகும். மாடிவெயில், உங்கள் கத்தரி எது?

#20 · மாடிவெயில் · புதன், காலை 7:00

பலகை வகை. பார்க்க பலமாக இருந்தது, வாங்கிவிட்டேன். 🙏

#21 · அரும்பு · வியாழன், மாலை 4:40

நடுவில் ஒரு சந்தேகம். சாமந்தி நாற்று வைத்திருக்கிறேன். நுனி கிள்ளிக்கொண்டே இருக்கலாமா?

#22 · தாவரவியல்டீச்சர் · வியாழன், இரவு 7:50

கிள்ளலாம், ஆனால் நிறுத்த வேண்டிய நேரம் உண்டு. சாமந்தி பகல் குறையும்போது பூமொட்டு கட்டும் செடி. பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்பதை 1920-இல் கார்னர், அல்லார்டு இருவரும் புகையிலையிலும் சோயாவிலும் காட்டினார்கள். நாற்று ஒரு சாண் வந்ததும் முதல் கிள்ளு, பக்கக் கிளைகள் நான்கைந்து இலை விட்டதும் அடுத்தது. கோடைப் பாதி தாண்டியதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு மேல் கிள்ளினால் கிளை வரும், பூ தள்ளிப்போகும் அல்லது வராமலே போகும்.

#23 · மாடிவெயில் · 24 நாள் கழித்து, ஞாயிறு, காலை 8:30

எல்லோருக்கும் நன்றி, நிலவரம் சொல்ல வந்தேன்.

மூன்று போய்விட்டன. வேரை எடுத்துப் பார்த்தேன், பழுப்பாகி, பிடித்து இழுத்தால் தோல் தனியாக உருவிக்கொண்டு வந்தது. தண்ணீர்தான். மீதி பதினொன்றில் பத்துக்குத் துளிர் வந்திருக்கிறது. நிழல்வலை கட்டிய ஒன்பதாம் நாள் முதல் துளிரைப் பார்த்தேன். கணுவில் சிவப்பாக, நெல்மணி அளவு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், நிஜம்தானா என்று.

ஒரு செடிதான் ஆச்சரியம். மற்றவை விரலளவு வந்தபோது இது மட்டும் முழங்கை நீளத்துக்குப் போய்விட்டது. வெளிர்பச்சை, நிமிர்ந்து நிற்கிறது, ஒரு பூச்சி அண்டவில்லை. தினமும் அதைப் பார்த்துத்தான் தெம்பே வருகிறது.

#24 · கத்தரிக்கோல் · ஞாயிறு, காலை 8:41

அந்த முழங்கை நீளக் கிளை எங்கிருந்து கிளம்புகிறது? மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள்.

#25 · மாடிவெயில் · ஞாயிறு, காலை 9:15

ஒட்டுப்போட்ட முண்டுக்குக் கீழே. மண்ணுக்குள்ளிருந்து.

ஐயோ.

#26 · வேர்முடிச்சு · ஞாயிறு, காலை 10:00

அது உங்கள் ரோஜா இல்லை அம்மா, ஒட்டுக்கு அடியில் வேருக்காக வைத்த காட்டு ரோஜா. மேலே இருப்பதைக் கடுமையாக வெட்டினால் கீழே தூங்கிக்கொண்டிருந்தது இதுதான் சமயம் என்று எழுந்துவிடும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை என்று சிலர் அடையாளம் சொல்வார்கள், நம்பாதீர்கள், ஏழு வரும் நல்ல ரகங்களும் உண்டு. எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் சாட்சி. விட்டால் ஒரே வருடத்தில் தொட்டி முழுக்க அதுவே ஆகிவிடும்.

கத்தரியால் வெட்டாதீர்கள், அடியில் கணு மீந்து இரண்டாக வரும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்தில் பிடித்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பாகக் கிழித்து எடுங்கள். கோடையில் தயங்காமல் எடுக்க வேண்டிய பச்சைக்கிளை என்றால் இது ஒன்றுதான்.

#27 · பழையதோட்டம் · ஞாயிறு, காலை 10:30

கிழித்த இடத்தில் எதுவும் பூச வேண்டாம். (சொல்லிவிட்டேன் டீச்சர்.)

#28 · மாடிவெயில் · ஞாயிறு, மாலை 6:20

கிழித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனால் கிழித்துவிட்டேன். அந்த ஒட்டு முண்டில் மேலே ஒரு சின்னச் சிவப்பு மொட்டு இருக்கிறது, அது வரும் என்று நினைக்கிறேன்.

கடைசிக் கேள்வி. மற்றச் செடிகளில் அந்த விரலளவு துளிர் நுனியில் அதற்குள் பூமொட்டு தெரிகிறது, மிளகு அளவு. விடவா, கிள்ளவா?

#29 · வேர்முடிச்சு · ஞாயிறு, இரவு 8:00

கிள்ளுங்கள். இலையைத் தொடாமல், மொட்டை மட்டும். செடி முதலில் இலை சேர்க்கட்டும். மழை இரண்டு பெய்ததும் வரும் சுற்று மொட்டைக் கிள்ளாமல் விடுங்கள், அதிலிருந்து ஆறேழு வாரத்தில் பூ பார்ப்பீர்கள்.

#30 · மாடிவெயில் · திங்கள், காலை 6:45

நகத்தால் எட்டுச் செடியில் கிள்ளியாகிவிட்டது. ஒன்பதாவது ஒரு மஞ்சள் ரோஜா. அதில் ஒரே ஒரு மொட்டை விட்டுவைத்திருக்கிறேன் அண்ணா, திட்டாதீர்கள்.